பயந்தால் பச்சை

எனக்குச் சரியாகச் சொல்ல வராது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எதையாவது விட்டுவிடுவேன். பின்னால் சொல்ல வேண்டியதை முன்னால் சொல்லிவிடுவேன். கடைசியில் கேட்கிறவர்கள் என்னையே தப்பாக நினைத்துக்கொள்கிற மாதிரி போய் முடியும். என் மகள் தாரணி சொல்வாள், "அம்மா, நீ நடந்ததச் சொன்னா குத்தம் பண்ணுனவன் தப்பிச்சிருவான், நீ மாட்டிக்குவே" என்று. அதனால் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். எதிர்வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் "ஏனுங்கக்கா இப்பிடி வேர்க்குது, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டீர்கள் பாருங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மிணி. வேர்த்தால்தான் எனக்கு நல்லது. இதோ, தப்பாக ஆரம்பித்துவிட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன். கம்பெனி ஸ்டாப் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

நான் பயந்த சுபாவம். இது எங்கள் வீதிக்கே தெரியும். வேலைக்குக் கிளம்பினால் கேஸ் மூடினேனா என்று பார்ப்பேன். பூட்டைப் பூட்டிவிட்டு மறுபடி திறந்து பார்ப்பேன். வீதி முக்கு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவேன். தாரணி கோயமுத்தூரில் ஆஸ்டலில் தங்கி ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். தினமும் காலையில் போனில், "என்னம்மா, சிலிண்டர்கிட்டச் சொல்லிட்டு வந்தியா?" என்று கிண்டல் செய்வாள். சிரிக்கட்டும். வீட்டில் அவர் இருக்கிறாரே. என் வீட்டுக்காரர் ஒரு சாயப்பட்டறையில் ராத்திரி வாட்ச்மேன். காலையில் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார், அதனால் வெளியே பூட்டிக்கொண்டுதான் வருவேன். வெளிச்சம் ஆகாது, ஜன்னலையெல்லாம் சாத்திக்கொள்வார். ஊரையே அடைத்துப்போட்டார்களே, அந்தக் காய்ச்சல் வந்துபோனதிலிருந்து அவருக்கு வாசமும் தெரியாது. நான் கருவாடு வறுத்தால் வீதியே மூக்கைப் பிடிக்கும், அவர் மட்டும் "இன்னிக்கு என்ன பருப்பா?" என்று கேட்பார். அப்படிப்பட்ட மனுஷனை உள்ளே விட்டுவிட்டு வந்தால் பயப்படாமல் என்ன செய்வது?

வேலை என்ன என்று கேட்டீர்களே. பனியன் துணி செக்கிங். என் முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை சாய்ந்து நிற்கும், பின்னால் ட்யூப்லைட் எரியும். துணி ரோலிலிருந்து பிரிந்து அந்தக் கண்ணாடிமேல் ஏறிக்கொண்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு, எது கண்ணில் பட்டாலும் காலால் மிதித்து மிஷினை நிறுத்தி, அந்த இடத்தில் ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கண்ணை எடுக்க முடியாது. கண்ணை எடுத்தாலும் பரவாயில்லை, நினைப்பை எடுக்க முடியாது. கண் துணியிலேயே இருக்கும், நினைப்பு வேறெங்காவது போயிருக்கும், அந்த நேரம் பார்த்து ஓர் ஓட்டை மேலே ஏறிப் போய்விடும். அப்படிப் போன துணி ஒருதடவை சட்டையாகி, கப்பலேறி, அங்கிருந்து திரும்பி வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கையில் கட்டுகிற இந்தப் பேண்டு வந்தது.

கடிகாரம் மாதிரி இருக்கும். கறுப்பு வார். உள்பக்கம் இரண்டு பித்தளைப் பொட்டு, தோலில் சில்லென்று அழுத்தும். மேலே ஒரு சின்ன விளக்கு. அதைக் கட்டிவிட மிதுனா என்று ஒரு பெண் கோயமுத்தூரிலிருந்து வந்தாள். நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து நிதானமாகத்தான் சொன்னாள்.

"இது உங்க வேலையைப் பாக்காதுங்கம்மா. மூளை எவ்வளவு களைச்சுப் போயிருக்கு, அத மட்டும்தான் பாக்கும். நாடி, வேர்வை, தோல் சூடு, இத வெச்சுக் கண்டுபிடிச்சிரும். நல்லா இருந்தீங்கன்னா பச்ச. சரியில்லேன்னா மஞ்ச. மஞ்ச வந்தா ரெஸ்ட் ரூம்ல போயிக் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க. உங்க நல்லதுக்குத்தான்."

"எல்லாருக்கும் ஒரே கணக்காம்மா?" என்று புஷ்பம் கேட்டாள். புஷ்பம் எனக்கு அடுத்த மிஷின். திண்டுக்கல்காரி, எதற்கும் வாயைத் திறந்து கேட்டுவிடுவாள்.

"இல்லீங்க. ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க அளவு. மொதல் வாரம் பேண்டு உங்களைக் கவனிக்கும். எப்பவும்போல இருங்க. அதுதான் உங்க அளவு. அதுக்கப்புறம் அந்த அளவ விட்டு நீங்க மேல போனாலும் கீழ போனாலும் தெரிஞ்சிரும்."

எப்போதும்போல இருங்கள் என்று கையில் ஒன்றைக் கட்டிவிட்டுச் சொன்னால் யாரால் இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

அந்த வாரம் எல்லோரும் ஆளுக்கொன்று செய்தார்கள். ஒருத்தி சஷ்டி விரதம் மாதிரி ஒருவேளைச் சாப்பாடு. ஒருத்தி பேண்டைக் கட்டுவதற்கு முன்னால் மணிக்கட்டில் திருநீறு பூசினாள், அதில் வேர்வை ஒட்டாமல் பேண்டு திணறிவிட்டது என்று சூப்பர்வைசர் நவநீதன் சத்தம் போட்டார். நானா? நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். முழுப் பரீட்சை அன்று வாசலிலேயே வாந்தி எடுத்தேன், மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. என்னை ஒருத்தர் கவனிக்கிறார் என்றாலே அது எனக்குப் பரீட்சைதான். அந்த வாரம் முழுக்க சோறு இறங்கவில்லை, வெறும் காபி. தூக்கம் இல்லை. மிஷின் முன்னால் நின்றால் நெஞ்சு தடதட என்று அடிக்கும், உள்ளங்கை ஈரமாகி ஸ்டிக்கர் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். பேண்டு பேசாமல் கவனித்துக்கொண்டே இருந்தது. பழனாத்தாள் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று முடிவு செய்துகொண்டது.

அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்.

புஷ்பமோ அந்த வாரம்தான் ரொம்பச் சிரித்தாள். "அக்கா, கையில கட்டியிருக்கிறது கல்யாணக் காப்புன்னு நெனச்சுக்கிட்டு நில்லுக்கா" என்பாள். பாட்டை முணுமுணுப்பாள். நான் அப்போதே சொன்னேன், "சிரிக்காத புஷ்பம், இது எல்லாத்தையும் பாக்குது" என்று. கேட்டாளா?

அடுத்த மாதம் அவள் மகன் வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. சிரிக்கிற புஷ்பத்தைத்தானே பேண்டுக்குத் தெரியும்? துணி முன்னால் வந்து நின்றாள், மஞ்சள். ரெஸ்ட் ரூமுக்குப் போய்விட்டு வந்தாள், மறுபடி மஞ்சள். ஒரே மாதத்தில் மூன்று நாள் மஞ்சள் வந்தால் இடம் மாற்றிவிடுவார்கள். வேஸ்ட் குடோனுக்கு அனுப்பினார்கள். கட்டிங்கில் விழுகிற துண்டுத் துணியை நிறம் பார்த்துப் பிரிக்கிற இடம். "இது தண்டனை இல்லீங்க, மூளைக்கு வேலையில்லாத எடம், ரெஸ்ட் மாதிரி" என்று நவநீதன் சொன்னார். போய்ப் பாருங்கள் அந்த ரெஸ்ட்டை. உள்ளே போனால் ஆள் தெரியாது, அவ்வளவு பஞ்சு பறக்கும். சாயங்காலம் புஷ்பம் வெளியே வரும்போது புருவமெல்லாம் வெள்ளை.

எனக்கு மூச்சிழுப்பு உண்டு, அம்மிணி. சின்ன வயதில் நூல் மில்லில் பிடித்தது. ஊதுபத்திப் புகைகூட ஆகாது. அந்தக் குடோனில் ஒரு வாரம் நின்றால் என்னைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். வேறு கம்பெனிக்குப் போகலாமே என்பீர்கள். இந்த வயதில் செக்கிங்குக்கு யார் எடுப்பார்கள்? கண்ணைப் பார்க்கும் முன்னால் தலையைத்தான் பார்க்கிறார்கள், நரைத்திருக்கிறதா என்று.

ஆனால் எனக்கு எப்போதும் பச்சை. பயந்துகொண்டேதானே இருந்தேன், பச்சை. நவநீதன் என்னை நிறுத்திவைத்துப் புதுப் பெண்களுக்குக் காட்டுவார். "பழனாக்கா கையப் பாருங்க. வயலு மாதிரி இருக்குது. களைப்புன்னா என்னன்னே தெரியாது." நோட்டீஸ் போர்டில் என் போட்டோவை ஒட்டினார்கள். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கும் அதை அனுப்பினார்களாம். அந்தப் போட்டோவில்கூட நான் திருடி மாதிரிதான் முழித்துக்கொண்டிருப்பேன்.

அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடுவில் நல்லது ஒன்று நடந்துவிட்டது.

தாரணிக்கு மாப்பிள்ளை அமைந்தது. ஊத்துக்குளிப் பக்கம், பால் சொசைட்டியில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார்கள். பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குப் புள்ளதானுங்க வேணும், வேற ஒண்ணும் கேக்க மாட்டோம். தை மாசம் வெச்சுக்கலாமுங்க" என்றார்கள். அந்தப் பையன் சாப்பிட்ட இலையைத் தானே எடுத்தான். நான் சமையல்கட்டில் போய் நின்று அழுதேன். அன்றைக்குப் படுத்தவள் எப்படித் தூங்கினேன் என்றே தெரியவில்லை. எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அப்படி ஒரு தூக்கம்.

திங்கட்கிழமை மிஷின் முன்னால் நின்றேன். இளநீலத் துணி. நெஞ்சு பேசாமல் இருந்தது. துணியே மெதுவாக வருகிற மாதிரி, ஓட்டை தூரத்தில் வரும்போதே "இதோ நான் வருகிறேன்" என்று சொல்கிற மாதிரி இருந்தது. ஒட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. கையைப் பார்த்தால் மஞ்சள்.

"ஏனுங்கக்கா, நீங்களேவா?" என்று நவநீதன் ஓடிவந்தார்.

ரெஸ்ட் ரூமில் உட்காரவைத்தார்கள். சாய்வு நாற்காலி, வீணைப் பாட்டு. குடோன் ஞாபகம் வந்தது, உடனே நெஞ்சு தடதடத்தது. பச்சை! "பாருங்க, ரெஸ்ட் எடுத்ததும் சரியாயிருச்சு" என்றார்கள். மறுநாள் வந்து நின்றேன். தாரணியை மணமேடையில் உட்காரவைத்துப் பார்த்தது மனசு. மஞ்சள்.

மிதுனா அடுத்த தடவை வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கையில் இருந்த, பெரிய போன் மாதிரிப் பலகையில் கோடு கோடாகக் காட்டினாள்.

"அம்மா, உங்க நாடி வழக்கத்தைவிட ரொம்ப மெதுவா இருக்கு. வேர்வையே இல்ல. இது தூங்கப் போற ஆளோட கணக்கு. ராத்திரி தூங்கறீங்களா?"

"நல்லாத் தூங்கறேன் கண்ணு. இப்பத்தான் தூங்கறேன்."

"அப்ப ஏன் வேலையில தூக்கம் வருது?"

"தூக்கம் வரலீங்களே. சந்தோசமா இருக்கறேன்."

அவள் விரலால் அந்தக் கோடுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "சந்தோசத்துக்கு இதுல தனியா நெறம் இல்லீங்கம்மா" என்றாள். பாவம், அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் புஷ்பத்திடம் சொன்னேன். டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு இருமல் வரும்வரை சிரித்தாள்.

"அடி அக்கா! மொத வாரம் நீ பயந்து செத்தியே. அதத்தான் அது நீயின்னு எழுதிக்கிருச்சு. ஒனக்குப் பயந்தாத்தான் பச்ச. போய்ச் சொல்லு, திருப்பி அளவு எடுக்கச் சொல்லு."

சொன்னேன். நவநீதனிடம் போய், அன்றைக்கு நான் பயந்திருந்தேன், இன்னொரு தடவை அளவெடுங்கள் என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"அக்கா, மெதுவாப் பேசுங்க. மறுபடி அளவெடுக்கோணும்னா மொதல்ல டாக்டர்கிட்ட அனுப்போணும். இவங்களுக்கு மனசுல என்ன கோளாறுன்னு அவரு எழுதித் தரோணும். அப்பிடி எழுதி வாங்குனவங்கள துணி பாக்க விடுவாங்களா? அதுவுமில்லாம உங்க போட்டோ வெளிநாடு வரைக்கும் போயிருச்சு. இப்பப் போயி அந்தப் பச்சையே பொய்யின்னு சொன்னா என்ற வேல என்னாவறது? கல்யாணம் வரைக்கும் எப்பிடியாவது ஓட்டுங்க. மின்ன மாதிரியே இருங்க, போதும்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

முன்னே மாதிரியே இரு என்றால் எப்படி இருப்பது? அந்த மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. இரண்டு மஞ்சள் ஆகிவிட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதுவே பயம்தானே என்பீர்கள். பயம்தான். ஆனால் பயந்தால் பச்சை வருகிறது, பச்சையைப் பார்த்தால் நிம்மதி வருகிறது, நிம்மதி வந்தால் விளக்கு மஞ்சளுக்கு மாறப் பார்க்கிறது. கையைப் பார்ப்பதா, துணியைப் பார்ப்பதா? அந்த வாரம்தான் ஓட்டைகளை விட ஆரம்பித்தேன். அதை எந்தப் பேண்டும் காட்டவில்லை.

ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை குடிப்பானோ என்று நினைத்தேன். நினைக்கும்போதே அவன் இலையை எடுத்தது ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. தாரணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்தேன். சீ, அதை நினைக்க வாய் கூசியது, ஆனாலும் நினைத்தேன். அது பத்து மணி வரைக்கும்தான் வந்தது. அப்புறம் அவளே கண்ணுக்குள் வந்து, "சிலிண்டர்கிட்டச் சொல்லிட்டியாம்மா?" என்று சிரித்தாள். அவளோடு சண்டைகூடப் போட்டேன். புடவை நிறத்துக்காகப் போனில் கத்தினேன். அவள் அழுதாள். அன்றைக்கு எப்படியோ பச்சையிலேயே ஓடியது. சாயங்காலம் அவளே கூப்பிட்டு, "நீ சொன்ன கலரே எடுத்துக்கலாம்மா" என்றுவிட்டாள். என்ன செய்வது சொல்லுங்கள்.

"ஏக்கா, பயத்தையும் வீட்ல இருந்து டப்பாவுல கட்டிக்கிட்டு வரணும்போல இருக்கே ஒனக்கு" என்றாள் புஷ்பம்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் அப்படியே நடந்தது.

ஒருநாள் காலையில் சம்பந்தி வீட்டிலிருந்து போன். பேசிக்கொண்டே சமையலை முடித்தேன், பேசிக்கொண்டே பூட்டினேன். பஸ் ஏறி உட்கார்ந்ததும் சுரீர் என்றது. கேஸ் மூடினேனா? ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் கை அந்த ரெகுலேட்டரைத் திருப்பியது ஞாபகம் வரவில்லை. இறங்கித் திரும்பிப் போனால் வேலைக்கு நேரமாகிவிடும். கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாயங்காலம்தான் தருவார்கள். உள்ளே போய்விட்டால் யாரையும் கேட்க முடியாது. அடுப்புக்கு வருகிற ரப்பர் டியூப் வேறு பழசு, வெடிப்பு விட்டிருக்கிறது, மாற்று மாற்று என்று தாரணி சொல்லிக்கொண்டே இருப்பாள். வீட்டுக்குள்ளே அவர் படுத்திருக்கிறார். ஜன்னல் சாத்தியிருக்கிறது. வாசம் தெரியாத மனுஷன். எழுந்ததும் முதல் வேலை பீடிதான்.

அன்று முழுக்கப் பச்சை. கண்ணை இமைக்காத பச்சை. நவநீதன் தூரத்திலிருந்தே கும்பிட்டுக் காட்டினார்.

சாயங்காலம் வீதியில் ஓடினேன். அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கேஸ் மூடித்தான் இருந்தது. அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள், அந்த நேரத்தில் எனக்கு ஒருமாதிரி ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றம் என்று சொல்லக் கூடாது. நாளைக்கு என்ன செய்வது என்ற கவலை. அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து நான் பார்ப்பதில்லை.

வேறொன்றும் செய்யவில்லை. பார்ப்பதில்லை, அவ்வளவுதான். முதலில் அதுவே போதுமாக இருந்தது. கை பழக்கத்தில் மூடிவிடும் என்று உள்மனசுக்குத் தெரிந்துபோனதும் பயம் மத்தியானத்துக்கெல்லாம் தீர ஆரம்பித்தது. அதனால் இப்போது கண்ணை மூடிக்கொண்டு ரெகுலேட்டரைத் திருப்புகிறேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். எதில் நிற்கிறது என்று எனக்கே தெரியக் கூடாது. கண்ணைத் திறக்காமல் வெளியே வந்து பூட்டிவிடுவேன். திரும்பிப் பார்த்தால் போச்சு. டியூப்பையும் மாற்றவில்லை. மாற்றிவிட்டால் அந்தப் பயமும் போய்விடும் இல்லையா?

அதற்கப்புறம் ஒரு மஞ்சள்கூட வரவில்லை. என் இடம் அப்படியே இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் பயந்துவிடுவார். ராத்திரியெல்லாம் முழித்திருந்துவிட்டு வருகிற மனுஷன், தூக்கம் கெட்டுப்போகும். இருபத்துநாலு மணிநேரமா செய்கிறேன்? வேலை நாளில் மட்டும்தான். தை வரைக்கும்தான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பார்த்தீர்களா, நான் தப்பாகத்தான் சொல்லிவிட்டேன். சரியாகச் சொல்லியிருந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வேண்டாம், வேண்டாம், போனை உள்ளே வையுங்கள். உங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, போய் அவரைத் தட்டி எழுப்பிக் கேட்கச் சொல்கிறீர்களா? நல்லா இருக்கிறதே. அவர்கள் போய்க் கேட்டுவிட்டு, மூடித்தான் இருக்கிறது, கவலைப்படாதே என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நான் எதை வைத்துக்கொண்டு நிற்பது? கையை விடுங்கள் அம்மிணி, ஸ்டாப் வந்துவிட்டது.

நீங்கள் என் வாசலைத் தாண்டித்தானே வந்தீர்கள். வரும்போது ஏதாவது வாசம் அடித்ததா...

இல்லை, சொல்லாதீர்கள். சொல்லாதீர்கள்.